பேப்பரில் வெட்டிய சோபா

வீட்டுக்காரர் ஹாலைக் காட்டி, "பத்துக்குப் பதிமூணு" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். பதிமூன்றுக்கு ஒன்றரை அங்குலம் குறைந்தது. அதைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவன் டேப்போடு வருவான் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். என் பிழைப்பு அப்படி. சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருபது வருடமாகக் கட்டிங் மெஷினில் நிற்கிறேன். அச்சாகி வருகிற பெரிய ஷீட்டுகளை அளவு பார்த்து வெட்டுவது என் வேலை. ஒரு நூல் விலகினாலும் முருகனுக்கு வேல் இருக்கும், கை இருக்காது. அதனால் எதையும் அளக்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

வீடு சூலக்கரைப் பக்கம், பிரஸ்ஸுக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். கீழே நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். ஹாலின் ஒரு கோடியில் மேற்குப் பார்த்த முன்வாசல். மறுகோடியில் அதற்கு நேர் எதிரே அடுப்படிக் கதவு, அதற்கும் நேரே பின்வாசல். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்னால் இருக்கும் முருங்கை மரம் தெரியும். பக்கவாட்டில் ஒரு படுக்கையறை. அது பிற்பாடு சேர்த்துக் கட்டியது, அதற்கு மேலே மாடி கிடையாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் அந்த அறைக்குள் போய்விட்டன. ஹாலில் ஒரு டி.வி.யும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் மட்டும் இருந்தன.

என் மனைவி நர்ஸ் படிப்புப் படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள், மகளுக்குப் பதினாலு வயது ஆகிற வரை திரும்பப் போகவில்லை. போக வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தெருவில் முதல் ஆளாக அவள்தான் போய் நிற்பாள். இந்த வருடம் பங்குனியில் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆனால் காலியாக இருந்தது நைட் டூட்டி மட்டும். ராத்திரி எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு மணிக்கு முடியும். வெள்ளை உடுப்பைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டு, அதை அவள் தள்ளி நின்று பார்த்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதத்தில் அந்தச் சந்தோஷம் வாடிவிட்டது. பகலில் அவளுக்குத் தூக்கம் கூடவில்லை. ஒரு நாள் காலையில் டவுன் பஸ்ஸில் கண்ணயர்ந்து, எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டாப் வரை போய், கண்டக்டர் எழுப்பித் திரும்பி வந்தாள். குழம்புக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது. அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டோம். ஆடி பிறந்த சமயம் அவள் ஒரு நாள் சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

"ஊசி மருந்து எடுக்கையில லேபிளை மூணு தரம் படிக்கேன். அப்படியும் பயமா இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லணுமாம், தொடர்ந்து வாரேனா இல்லையான்னு. வாரேன்னா நிரந்தரமாக்குவாங்களாம். பகல்ல தூக்கம் வரலேன்னா நான் விட்டுருவேங்க. ஒரு உசுரு போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

பதினாலு வருடம் காத்திருந்து கிடைத்த வேலையை நாலு மாதத்தில் விடுவதா? எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. படுக்கையறையில் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, நானும் மகளும் கிளம்பிப் போனபின் வீட்டில் சத்தம் போட ஆள் கிடையாது. தூங்குவதற்கு வேறென்ன வேண்டும்? இப்படித்தான் நான் நினைத்தேன். நான் அந்த அறையில் படுப்பது ராத்திரியில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் கோயில் ஆராதனை, சாப்பாடு, ஹாலில் டி.வி. என்று போய்விடும். சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு லீவு என்பதால் ஞாயிறு பகலில் அவளும் தூங்கமாட்டாள். அந்த அறை பகலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் போதகர் ஐயா வீடு சந்திக்க வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேதபுத்தகத்தைத் திறந்தார். நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் மெல்ல அகன்றன. ஐயா ஒன்றும் நடக்காத மாதிரி வசனத்தை வாசித்துக்கொண்டே கீழே இறங்கி, தரைக்கு வந்து சேர்ந்தார். கூட வந்திருந்த அவர் மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். ஐயா பெரிய மனதுக்காரர், "தரையே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஜெபத்தையும் அங்கேயே முடித்தார். எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டுக்கு ஒரு சோபா வேண்டும் என்று. சாதாரண சோபா இல்லை. பகலில் இழுத்துப் போட்டால் கட்டிலாகிற சோபா. வருகிறவர்கள் உட்காரலாம், கட்டிலில் தூக்கம் பிடிக்காத இவள் பகலில் ஹாலில் வசதியாகத் தூங்கலாம். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் வாய்க்கு வாய் சார் போட்டான். "இழுத்தா கட்டில் சார், தள்ளுனா சோபா சார்" என்று நாலு தரம் இழுத்துத் தள்ளிக் காட்டினான். நான் டேப்பை எடுத்து நீளம், அகலம், இழுத்த பிறகு வருகிற அகலம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சோபாவோடு நிற்கவில்லை. நாலு பேர் சாப்பிடுகிற மேஜை, மகளுக்குப் படிக்கிற மேஜை, டி.வி.க்குக் கீழே வைக்கிற ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு என்று வரிசையாக அளந்தேன். இவ்வளவும் வாங்குவதாக வரும்போது நினைக்கவில்லை. அளக்க ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது.

திரும்பிப் பார்த்தால், அந்தச் சோபாவின் மூலையில் தலையைச் சாய்த்து இவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பை மடியில், வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். மகள் என் கையைப் பிடித்துக் கூப்பிட்டுக் காட்டினாள். கடைக்காரப் பையனுக்கு ஒரே பூரிப்பு. எனக்கு அவனைவிடப் பூரிப்பு.

"பார்த்தியா? உக்காந்த அஞ்சு நிமிசத்துல தூக்கம். இதான் ஒனக்கு ஏத்த சோபா" என்று எழுப்பிச் சொன்னேன்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கடையில ஏசி ஓடுதுங்க. குளுகுளுன்னு இருந்துச்சு, அதான்" என்றாள்.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. சோபா எந்தச் சுவரை ஒட்டி வரும் என்று நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். "அடுத்த ஞாயிறு வந்து ஆர்டர் சொல்றோம்" என்று சொல்லிக் கிளம்பினோம்.

ஒரு வாரம் எதற்கு என்றால், வைத்துப் பார்க்க. பிரஸ்ஸில் எந்த வேலையும் நேரே மெஷினுக்குப் போகாது. முதலில் வெறும் தாளில் அளவு வெட்டி, ஷீட்டில் பரப்பி வைத்துப் பார்ப்போம். ஒரு ஷீட்டில் எத்தனை லேபிள் விழும், எப்படித் திருப்பி வைத்தால் இன்னும் ஒன்று கூட விழும் என்று பார்ப்போம். ஓரத்தில் மிஞ்சுவது வேஸ்ட். வேஸ்ட் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கெட்டிக்காரன் கட்டிங்காரன். எங்கள் முதலாளி வேஸ்ட் கூடையைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார், மனிதர்களைப் பிறகு பார்ப்பார். என் கூடையைப் பார்த்து அவர் முகம் சுளித்ததே இல்லை. அந்தப் பெருமையோடு என் ஹாலையும் ஒரு ஷீட்டாக நினைத்து உட்கார்ந்தேன்.

பிரஸ்ஸில் கழித்துப் போட்ட பழைய காலண்டர் ஷீட்டுகள் வீட்டில் ஒரு கட்டு இருந்தன. அவற்றை ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் முழு அளவில் பேப்பர் வெட்டினேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் சோபா தரையில் படுத்துவிட்டது, இழுத்த நிலையில். மேஜைகள் படுத்துவிட்டன. அச்சு தரைப்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, காற்றில் பறக்காமல் டேப் ஒட்டினேன். மகள் ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினாள். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, கடைசியில் செருப்பு ஸ்டாண்டு தவிர எல்லாமே உள்ளே அடங்கிவிட்டது. முன்வாசலிலிருந்து அடுப்படிக் கதவு வரை ஒன்றரை அடி அகலத்தில் நேராக ஒரு பாதை மட்டும் மிச்சம். ஆள் நடக்க ஒன்றரை அடி தாராளம். அதிலும் வாசலோரம் ஒரு முக்கால் அடியைச் செருப்பு ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாடியிலிருந்து வீட்டுக்கார அக்கா தண்ணீர் வருகிறதா என்று கேட்க இறங்கி வந்தார். வாசலில் ஒரு காலை வைத்தவர், அப்படியே பின்னால் எடுத்துவிட்டார்.

"தம்பி, என்ன இது? சாமி படத்தையா தரையில பரப்பியிருக்கீக?"

"கவுத்துல்லா போட்டுருக்கேன் அக்கா."

"கவுத்துனா சாமி எங்கன போவாரு? இந்தா, ஓரத்துல லச்சுமி கை தெரியுதே!"

பார்த்தேன். சாப்பாட்டு மேஜையின் ஓரம் மடங்கி, தாமரை பிடித்த ஒரு கை வெளியே எட்டிப் பார்த்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் பிரஸ்ஸில் இருபது வருடமாக நானும் அந்த ஷீட்டுகளைத் தாண்டி நடந்தவன் இல்லை. அங்கே யாரும் மிதிக்கமாட்டார்கள். வீட்டில் எனக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து எடுத்தேன். மறுநாள் விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனி ஒன்றுக்கு அடித்ததில் கழித்த பெட்டி லேபிள் ஷீட்டுகளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். மறுபடி வெட்டி, மறுபடி ஒட்டினேன். இந்த முறை சோபா முழுக்க மயில், சாப்பாட்டு மேஜை முழுக்க ராக்கெட். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதுல மிதிச்சாத் தப்பில்ல, ஆனா வெடிச்சிராதுல்லா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஞாயிறு வரை பேப்பர் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. சாமான் நிஜமாகவே அங்கே இருப்பதாக நினைத்துச் சுற்றி நடக்க வேண்டும். அப்போதுதான் இடம் போதுமா, முட்டுமா என்று தெரியும்.

"பேப்பருக்கு வலிக்குமாப்பா?" என்றாள் மகள்.

"வலிக்காது. ஒனக்கு வலிக்கும்" என்றேன், கையை ஓங்கிக் காட்டி. அவள் சோபாவின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, இல்லாத கைப்பிடியில் முழங்கையை வைத்து டி.வி. பார்த்தாள். எனக்கு அது ஒன்றும் கேலியாகப் படவில்லை. சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பட்டது.

மனைவி கையில் தட்டோடு அந்த ஒன்றரை அடியில் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தாள். ஒரு தரம் நின்று சோபாவைப் பார்த்தாள். "எல்லாம் வந்துட்டா ஹால்ல தரையே தெரியாது போல" என்றாள்.

"அம்புட்டு அழகா அடங்கிருச்சு பாத்தியா?" என்றேன்.

"ம்" என்றாள்.

அந்த வாரம் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வீட்டுக்கு வந்ததும் கேட்பேன், பகலில் தூங்கினாயா என்று. "ம்" என்பாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. ஞாயிறு வரட்டும், சோபா வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசக் கடைசிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை சிவகாசியில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தினார்கள். மாதம் ஒரு நாள் வருவதுதான், ஜெனரேட்டரில் ஓட்டிவிடுவோம். அன்றைக்கு ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. அது எழுந்திருக்காது என்று தெரிந்ததும், காலண்டர் சீசன் நேரத்தில் இப்படியா என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார். பஸ் பிடித்து, திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. வேலை நாளில் அந்த நேரத்துக்கு நான் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

மரக்கதவு திறந்திருந்தது. கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. அதில் ஒரு பழைய சேலையை மறைப்புக்குக் கட்டியிருந்தாள். காற்றில் சேலை விலகி விலகி மூடியது. கூப்பிட வாயெடுத்தவன் உள்ளே பார்த்து நின்றுவிட்டேன்.

அந்த ஒன்றரை அடிப் பாதையில் அவள் படுத்திருந்தாள். பாய்கூட இல்லை. பாயை விரித்தால் பேப்பர் மேல் ஏறும். வெறும் தரையில் ஒருக்களித்து, முழங்காலை மடக்காமல் நீட்டி, ஒரு கையைத் தலைக்கு வைத்து, மறு கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். இந்தப் பக்கம் மயில் சோபா, அந்தப் பக்கம் ராக்கெட் மேஜை. அவளுடைய சேலைத் தலைப்புகூட பேப்பரைத் தொடவில்லை. பதிமூன்றடி ஹாலில் அவள் உடம்பு மட்டும் அடங்குகிற அளவுக்கு நான் இடம் விட்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் புரள முயன்றாள். தூக்கத்திலேயே பாதியில் நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டு, மறுபடி பழைய மாதிரியே ஒடுங்கினாள்.

எழுப்பவும் மனம் வரவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தேன். துணி காயப்போட வந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நான் உதட்டில் விரலை வைத்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன தம்பி, இந்நேரத்துக்கு வந்திருக்கீக?"

"பிரஸ்ஸுல கரண்ட் இல்ல அக்கா. இவ ஏன் இங்கன படுத்திருக்கா? உள்ள கட்டில் கெடக்கே."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தினமும் இங்கனதான படுக்கும் அந்தப் பிள்ள. வாசலுக்கும் பின்வாசலுக்கும் நேரா காத்து ஓடுதுல்ல. உள் ரூம்ல எப்படிப் படுக்கும்? ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்குமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நாலு மாதமாக என் பெண்டாட்டி எங்கே தூங்குகிறாள் என்று மாடி வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

"நல்லா பாயை விரிச்சு, காலை அகட்டிப் படுத்திருக்கும்" என்றார் அக்கா. "அப்பவே யாராவது வந்து தட்டி எழுப்பிருவாக. கேஸ்காரன், கொரியர்க்காரன், பேசிட்டுப் போலாம்னு வாரவுக. நானே ரெண்டு தரம் எழுப்பியிருக்கேன், தெரியாம. இந்த மூணு நாளாத்தான் இப்படி ஒடுங்கிக் கெடக்கு. எதுக்குன்னு நானும் கேக்கல."

அக்கா போன பிறகு நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கேஸ் சிலிண்டர்க்காரர் வண்டியை நிறுத்தினார். ஓடிப்போய், "சத்தம் போடாம வச்சிட்டுப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஏதோ துக்க வீடு என்று நினைத்தாரோ என்னமோ, சிலிண்டரைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போனார். சுய உதவிக் குழு அம்மா ஒருவர் வந்தார். அவரையும் திருப்பி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் நாலு பேர். ஒரு மனுஷி இதற்கு நடுவில் எப்படித் தூங்குவாள்?

இரண்டு மணி சுமாருக்கு உள்ளே வளையல் சத்தம் கேட்டது. எழுந்து கிரில் பக்கம் போனேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள், கால்களைச் சேர்த்து வைத்து. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுத் தரையைப் பார்த்தாள், இரண்டு பக்கமும்.

"பேப்பர்ல மிதிக்கலங்க. ஒட்டுன இடத்துலயே இருக்கு பாருங்க" என்றாள்.

அவள் சொன்ன முதல் சொல் அதுதான். ஏன் சீக்கிரம் வந்தீர்கள், உடம்புக்கு என்ன, சாப்பிட்டீர்களா, ஒன்றும் இல்லை. பேப்பரில் மிதிக்கவில்லை. அவளை நான் அந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தாள்.

உள்ளே போய் முதலில் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. பீரோக் கைப்பிடியைத் தொட்டேன், சுட்டது. மெத்தை மேல் கையை வைத்தேன், அதுவும் சுட்டது. வெளியே வந்து மண்டி போட்டு, டேப்பைப் பிய்த்து, சோபாவை உரித்தேன். பிறகு மேஜை, ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக. அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எடுக்கீக? சோபா வேண்டாமா?"

"நீ ஏன் சொல்லல? இந்த ரூம்ல படுக்க முடியலேன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே. ஏசியில குளுகுளுன்னு இருந்துச்சு, அதான் தூங்குனேன்னு கடையில சொன்னேன். தரையே தெரியாதுன்னும் சொன்னேன். நீங்க வேற நெனப்புல இருந்தீக." உரித்துப் போட்ட பேப்பர் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். "எனக்காகத்தான செய்றீக. சாமி படம்னு ஒரு தரம் பிச்சு, ராவெல்லாம் மறுபடி வெட்டுனீக. எப்படி வேண்டாங்கிறது? வேலையே போகப்போகுது, பெறகு பகல்ல எதுக்குப் படுக்கணும், சோபாவாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வேலையை விடுவது என்று அவள் மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது. உரித்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "விடாத. இன்னும் பத்து நாள் இருக்கு. எனக்கு ஒரு பத்து நாள் குடு" என்றேன். அவள் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனோம். இந்த முறை டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். போகிற வழியெல்லாம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டேதான் போனேன், அது வேறு கதை. கடைக்காரப் பையன் சோபாவை இழுக்க ஓடினான். "அது வேண்டாம் தம்பி, நாடாக் கட்டில் இருக்கா? மடக்குறது" என்று கேட்டேன். அவன் முகம் விழுந்துவிட்டது. குடோனிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்து வந்தான். இரும்புக் கால், குறுக்கும் நெடுக்கும் நாடா பின்னியது, அடியிலும் காற்றுப் போகும். இவள் அதில் படுத்துப் பார்த்தாள், கடை என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பக்கமும் புரண்டாள். "இது போதும்" என்றாள்.

அவ்வளவுதான் வாங்கினோம். படிக்கிற மேஜைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் சேர்த்து, சுவரில் கீல் வைத்து மடக்குகிற ஒரு பலகையை ஆசாரியிடம் சொல்லிப் போட்டோம். வேண்டும்போது இறக்கலாம், மற்ற நேரம் சுவரோடு கிடக்கும். உட்கார நாலு ஸ்டூல், ஒன்றுக்குள் ஒன்று. வாசலுக்குக் கனமான திரை. வருகிற பார்சல், சிலிண்டர் எல்லாவற்றையும் பகலில் மாடியில் வாங்கிக்கொள்வதாக அக்கா அவராகவே சொன்னார். கட்டில் காலையில் ஹாலின் நட்டநடுவில் அந்தக் காற்றுப் பாதையில் விரியும், சாயங்காலம் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

ஹால் வெறிச்சென்று கிடக்கிறது. எனக்கு உறுத்தாமல் இல்லை. அவ்வளவு தரையைச் சும்மா விட்டிருப்பதைப் பார்க்கும்போது முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றும். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த என் சித்தப்பா மகன், "என்னண்ணே, ரெண்டு பேரு சம்பாதிக்கீக, ஒரு சோபா கூடவா இல்ல?" என்று கேட்டே விட்டான். சுருக்கென்றது. "உக்காருலே ஸ்டூல்ல" என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டில் வந்த முதல் மூன்று நாள் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் மணிக்கொரு தரம் விழித்துவிடுகிறேன் என்றாள். நாலாம் நாள் மூன்று மணி நேரம் தூங்கியதாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், கேட்டால் மறுபடி "ம்" தான் வரும் என்று பயம்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம் நாலே முக்காலுக்கு பிரஸ்ஸில் என் போன் அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன். வீட்டுக்கார அக்காவின் நம்பர், பேசியது மகள்.

"அப்பா, ஸ்கூல் விட்டு வந்து அரை மணி நேரமா நிக்கேன். அம்மா கதவத் தெறக்க மாட்டேங்காங்க."

"திரையை வெலக்கி உள்ள பாரு பிள்ள. என்ன செய்றா?"

போனில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், "தூங்குறாங்கப்பா. கையைக் காலைப் பரத்திப் போட்டு. கொறட்டை கேக்குது. நல்லா கத்தி எழுப்பட்டா?"

"எழுப்பாத" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். "கதவுகிட்ட நிக்காத. மாடிக்குப் போயி அக்காகிட்ட காப்பி வாங்கிக் குடி. அவளா எந்திரிக்கட்டும்."

ஐந்தரைக்கு மறுபடி போன் அடித்தது. இந்த முறை மனைவி. எடுத்ததும் வசவு. "வயசுக்கு வந்த பிள்ளைய வெளிய நிக்க வச்சுட்டு, என்னைய எழுப்பாதன்னு சொல்லியிருக்கீக! ஒங்களுக்கு அறிவு இருக்கா? காலையில ஒம்பது மணிக்குப் படுத்தவ, இப்பதான் முழிக்கேன். குழம்பு வைக்கல, ஒண்ணும் வைக்கல."

"ஓட்டல்ல புரோட்டா வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அடுப்படியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு டூட்டிக்குப் போகையில பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லிரப் போறேன்" என்றாள்.

"என்னன்னு?"

"வாரேன்னு."